ஸ்பீக்கர் சத்தம் காதக் குத்துது, கேபிள் மாத்துனா இதமாகுமா?

பெருமாள்புரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கன படிக்க மட்டுந்தான் வருவேன், எழுதுதது இதுதான் மொதல். எங்கிட்ட இருக்கது ஒரு டூ வே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி, மேல்ச் சத்தத்துக்கு மெட்டல் டோம் ட்வீட்டர், கீழ்ச் சத்தத்துக்கு அஞ்சரை இஞ்ச் ஊஃபர், அதுக்கு சின்னதா ஒரு கிளாஸ் டி ஆம்ப், லேப்டாப்லருந்து யூஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் பாட்ட ஆம்புக்கு சிக்னலா மாத்துத பெட்டி) வழியா பாட்டு. பாளையங்கோட்டைல புது வீட்டுக்கு குடிவந்ததுலருந்து சத்தம் காதக் குத்துது. ஜானகியம்மா பாட்டுல ச, ஸ வர எடமெல்லாம் உஸ்ஸு உஸ்ஸுன்னு தெறிக்கு, வயலின் மேல ஏறுனா பல்லு கூசுது, நாதஸ்வரம் போட்டேன்னா வீட்டுக்காரி எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயி கதவ சாத்திக்கிடுதா. வால்யூம கொறச்சா வரி வெளங்கல, கூட்டுனா மண்ட வலிக்கு.

ஒரு கடைல போயி சொன்னேன், அவரு செட்டக் கூட பாக்கல, கேபிள்தான் காரணம்னு ஒரே போடா போட்டுட்டாரு. மீட்டர் 1200 ரூபா ஸ்பீக்கர் கேபிள், பக்கத்துக்கு மூணு மீட்டர், அதுபோக ஆர்சிஏ கேபிள் தனி, பவர் கார்டு தனி, டிஏசில ஆப்ஆம்ப்னு சிக்னல பெருக்குத ஐசி மாத்தணும், ஸ்பீக்கருக்குள்ள மேல்ச் சத்தம் கீழ்ச் சத்தத்த பிரிச்சு விடுத கிராஸோவர்ல கெப்பாசிட்டர் மாத்தணும், இப்படி அடுக்கிக்கிட்டே போறாரு. கூட்டிப் பாத்தா ஸ்பீக்கர் வெலய தாண்டி நிக்கி. எல்லாத்தையும் ஒண்ணா பண்ண கையில காசு இல்ல, இதுல எத மொதல்ல மாத்துனா சத்தம் கொஞ்சம் போல சாந்தமாகும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க அண்ணாச்சிமாரே.

முடுக்கு_ஸ்டீரியோ:

கேபிள்ல வித்தியாசம் இருக்கு, நான் கண்கூடா, இல்ல காதுகூடா கேட்டது. சில்வர் பூசுன கேபிள் கெடந்துச்சு, அத கழட்டிட்டு சுத்தமான காப்பர் போட்டேன், அன்னைக்கே அந்த உஸ்ஸு சத்தம் பாதியா கொறஞ்சிட்டு, குரல் நல்லா கனமா வந்துச்சு. சில்வர்னா பிரைட்டு, காப்பர்னா வார்ம், இது எல்லாருக்கும் தெரிஞ்ச கததான். ஆனா வாங்குன ஒடனே முடிவு பண்ணாதிய, நூறு மணி நேரமாவது பாட்டு ஓட விடுங்க, பொறவுதான் கேபிள் தெளியும். பவர் கார்டு கடைசில பாத்துக்கலாம்.

மைக்செட்_அண்ணாச்சி:

முடுக்கு தம்பி, உம்ம காத நான் கொற சொல்லல, ஆனா கணக்கையும் கொஞ்சம் பாரும்வே. 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு சுமாரா 11.5 மில்லி ஓம். மூணு மீட்டர் கேபிள்னா போக வர ஆறு மீட்டர், 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர்ல அது திங்குத லெவல் ஒரு டிபில (டெசிபல், சத்த அளவு) பத்துல ஒரு பங்கு கூட வராது. அதுவும் ட்ரெபிள, அதான் மேல்ச் சத்தத்த, மட்டும் திங்காது, எல்லாத்தையும் கிட்டத்தட்ட ஒண்ணுபோலதான் திங்கும். சில்வர் செம்ப விட கரண்ட் கடத்துதது ஆறு சதவீதம்தான் கூட, அந்த ஆறு சதவீதத்த நீரு செம்புலயே கொஞ்சம் தடிச்ச வயரா போட்டு வாங்கிரலாம். வீட்டு வயரிங்குக்கு போடுத 2.5 ஸ்கொயர் எம்எம் வயர முறுக்கி போட்டாலே தாராளம். பவர் கார்டு பத்தி நான் சொல்லவே வேண்டாம், தெருமுக்கு டிரான்ஸ்ஃபார்மர்லருந்து உம்ம சுவிட்சு போர்டு வரைக்கும் சாதா வயர்லதான கரண்டு வருது, கடைசி ஒன்றரை மீட்டர்ல என்ன தங்கமா ஆவும்.

பெருமாள்புரம் தம்பி, காசு செலவழிக்க முன்னாடி மூணு சோலி பாரும். இப்ப கெடக்க கேபிள் நுனில ஒரே ஒரு இழைய எடுத்து பிளேடால சொரண்டும். உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியத்துக்கு மேல செம்பு பூசுன சரக்கு, ரெசிஸ்டன்ஸ் செம்ப விட ஒன்றரை மடங்குக்கு மேல, நாளாக நாளாக ஸ்குரூ அடில நசுங்கி லூஸும் ஆயிரும், அத மட்டும் தூக்கி எறிஞ்சிரும். பொறவு ஆம்ப் பின்னால ஸ்குரூ எல்லாம் முறுக்கிப் பாரும், கருத்துப் போன நுனிய வெட்டிட்டு புதுசா சீவி மாட்டும்.

மூணாவதுதான் முக்கியம். ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறிக் கெடந்தா பேஸ், அதான் கீழ்ச் சத்தம், ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கிட்டு காணாம போயிரும், மிச்சம் நிக்கது கீச்சு சத்தம் மட்டுந்தான், எல்லாரும் அத ட்ரெபிள் கூடிட்டுன்னு நெனச்சுக்கிடுவாவ. ஆம்ப்லருந்து ரெண்டு வயரையும் கழட்டிட்டு, செவப்புல பிளஸ்ஸும் கருப்புல மைனஸுமா ஒரு 1.5 வோல்ட் டார்ச் பேட்டரிய ஒரு நொடி தொடும். ஊஃபர் கோன் முன்னால எக்குனா சரி, உள்ள போச்சுன்னா மாறிக் கெடக்கு. ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் எக்கணும். கோயில் கொடைக்கு பாக்ஸ் அடுக்கும்போது நாங்க மொதல்ல பாக்கது இதத்தான்.

பெருமாள்புரத்தான்:

அண்ணாச்சி, ஒடனே பாத்தேன். இழை உள்ளயும் செவப்பாத்தான் இருக்கு, பேட்டரி வச்சா ரெண்டு கோனும் முன்னாலதான் எக்குது. ஸ்குரூ எல்லாம் டைட்டு. அப்ப கேபிள் பக்கம் கோளாறு இல்ல, அப்படித்தான?

ஓய்வுபெற்ற_பிசிக்ஸ்:

தம்பி, ஒரு கேள்வி. புது வீட்டுக்கு வந்ததுலருந்து தான் குத்துதுன்னு நீங்களே மொத பதிவுல எழுதிருக்கீங்க. பழைய வீட்ல இதே செட்டு தானா? அங்க எப்படி கேட்டுச்சு? அந்த வீடு எப்படி, இந்த வீடு எப்படின்னு கொஞ்சம் எழுதுங்க.

பெருமாள்புரத்தான்:

இதே செட்டுதான் சார், வயர் உள்பட. பழைய வீடு கல்லிடைக்குறிச்சில, தார்சா தாண்டி பட்டாசல்தான் ஹால், மேல மரக்கட்டையும் செங்கலும், ஒரு பக்கம் நெல்லு மூட, ஒரு பக்கம் துணிமணி தொங்குத கொடி, மூலைல ஆச்சியோட இலவம்பஞ்சு மெத்த நாலஞ்சு சுருட்டிக் கெடக்கும். ராத்திரி பூரா கேட்டாலும் சலிக்காது. இங்க ஹால் 16க்கு 12 அடி, ஒயரம் 10 அடி, வெள்ள வெளேர்னு டைல்ஸ், மேல கான்கிரீட், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், இன்னும் கர்ட்டன் போடல. ஒரு சோபா, ஒரு டிவி ஸ்டாண்டு, அவ்ளோதான். மெத்தைய எல்லாம் வீட்டுக்காரி பரண்ல ஏத்திட்டா, பழசு பட்டு ஹால்ல கெடக்கக் கூடாதாம்.

ஓய்வுபெற்ற_பிசிக்ஸ்:

அப்ப நீங்க மாத்துனது ஒரே ஒரு காம்பொனென்ட், ரூம். கேபிள் மாறல, ஆம்ப் மாறல, சுத்தி இருக்க சுவர் மாறிட்டு.

டைல்ஸு, பூச்சு சுவர், கண்ணாடி இதெல்லாம் மேல படுத சத்தத்துல நூத்துக்கு அஞ்சு பங்கு கூட குடிக்காது, மிச்சத்த அப்படியே திருப்பி அடிச்சிரும். உங்க ஹால் கன அளவு சுமாரா 54 கன மீட்டர், சுத்தி இருக்க பரப்பு எல்லாம் சேத்து 88 சதுர மீட்டர். நூத்துக்கு நாலு பங்கு குடிக்குதுன்னு வச்சு கணக்கு போட்டா வெறும் ரூம்ல ஒரு சத்தம் அடங்க ரெண்டரை செகண்டு கிட்ட ஆவும். சோபா, ஆளு எல்லாம் சேந்தா கொஞ்சம் எறங்கும். பாட்டு கேக்க வீட்டு ரூமுக்கு அரை செகண்டு பக்கம் இருந்தா சொகமா இருக்கும். ஜானகியம்மா ஒரு ச சொன்னா அது அடங்க முன்னாடி அடுத்த ச வந்துருது, அதத்தான் நீங்க தெறிக்குன்னு சொல்லுதீங்க. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்துல கல்லுத்தூண் பாடுதுன்னா அதுக்குன்னு செதுக்குனது, உங்க வீட்டு டைல்ஸ் பாடக் கூடாது.

இந்த கணக்கு வாலஸ் சபைன்னு ஒருத்தர் போட்டது. 1895ல ஹார்வர்டுல ஃபாக் மியூசியம் லெக்சர் ஹால்ல பேசுனா ஒண்ணும் வெளங்கல, ஒரு வார்த்த அடங்க அஞ்சு செகண்டுக்கு மேல ஆவுது, அவர கூப்ட்டு சரி பண்ணச் சொன்னாங்க. அவரு பக்கத்து தியேட்டர்லருந்து சீட்டு மெத்தைய எல்லாம் ராத்திரி தூக்கிட்டு வந்து அடுக்கி, ஒரு ஆர்கன் குழாய ஊதிட்டு ஸ்டாப் வாட்சு வச்சு அளந்தாரு, விடிய முன்னாடி மெத்தைய திரும்ப கொண்டு வைக்கணும். மெத்த கூடக் கூட சத்தம் சீக்கிரம் அடங்குச்சு. உங்க பரண்ல கெடக்கது சாதாரண சாமான் இல்ல தம்பி, வீட்ல சொல்லுங்க.

இப்ப ஹால் நடுவுல நின்னு ஓங்கி ஒரு கை தட்டிப் பாருங்க. தட்டு முடிஞ்ச பொறவு ட்ரிங்ங்னு ஒரு வால் நீண்டா ரெண்டு மொட்டச் சுவருக்கு நடுவுல சத்தம் பந்தாடுதுன்னு அர்த்தம். அப்புறம் நீங்க சோபால உக்காந்துக்கிட்டு, ஒருத்தர விட்டு கைக்கண்ணாடிய பக்கச் சுவர ஒட்டியே நகத்தச் சொல்லுங்க. எந்த எடத்துல கண்ணாடிக்குள்ள ட்வீட்டர் தெரியுதோ அந்த எடத்துலருந்து தான் மொத எதிரொலி உங்க காதுக்கு வருது. அந்த நாலு அடி சுவருக்கு வைத்தியம் பண்ணுனா போதும், வீடு பூரா ஒட்ட வேண்டாம்.

என்ன வைக்கன்னா, கனமானது வைங்க. பத்தமடைப் பாய் பாக்க லட்சணமா இருக்கும், ஆனா மெலிசு, சுவர்ல தொங்க விட்டா அழகுக்குத்தான். முட்ட அட்டை, தெர்மகோல் ரெண்டையும் கிட்ட சேக்காதீங்க, அட்டை உச்சில இருக்க கொஞ்சூண்டு சத்தத்த மட்டும் தொடும், தெர்மகோல் அது கூட இல்ல, ரெண்டும் தீப்பிடிச்சா சும்மா பத்திக்கிட்டு போவும். ரெண்டு இஞ்ச் ராக்வுல் (கல்லு நார் பலக), 48 கிலோ டென்சிட்டின்னு கேட்டா தருவாங்க, மர ஃபிரேம் அடிச்சு காடாத் துணி சுத்தி, சுவர்லருந்து ரெண்டு இஞ்ச் தள்ளி மாட்டுங்க. தள்ளி மாட்டுதது முக்கியம், அப்பதான் கீழ்ச் சத்தத்தையும் பிடிக்கும். நார் அரிக்கும், கையுறை போட்டுக்கோங்க. ஜன்னலுக்கு கனத்த கர்ட்டன், அதுவும் ஜன்னல் அகலத்துக்கு ரெண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பா தொங்க விடுங்க. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவுல தரைல தடிச்ச ஜமக்காளம். சோபா சுவர ஒட்டி இருந்தா ரெண்டு அடி முன்னால இழுங்க.

சாந்திநகர்_சங்கீதம்:

சார் சொன்னது அத்தனையும் சரி, ஆனா கர்ட்டன் தச்சு வர வரைக்கும் தம்பி காத பொத்திக்கிட்டா இருக்கும்? லேப்டாப்லருந்து தான பாட்டு வருது, பிளேயர்ல ஈக்வலைசர் இருக்கும்லா, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல உள்ளத மொத்தமா எறக்குத ஷெல்ஃப்னு ஒண்ணு போட்டு ரெண்டு டிபி எறக்கி வையிப்பா. செலவு ஒண்ணும் இல்ல, பிடிக்கலன்னா ஒரு கிளிக்ல பழசு. ஆம்ப்ல ட்ரெபிள் குமிழ் இருந்தா அத திருப்பு. ஆடியோ பைத்தியங்க அந்தக் குமிழ தொட்டா பாவம்னு நெனைக்காவ, ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. 1952ல பீட்டர் பாக்ஸண்டால்னு ஒரு இங்கிலாந்துக்காரர் வயர்லெஸ் வேர்ல்டு பத்திரிகைல போட்ட சர்க்கியூட்டு அது, நம்ம ஊர்ல அசெம்பிள் பண்ணுத பேஸ் ட்ரெபிள் போர்டு வரைக்கும் அவரு குடும்பந்தான். இருபதாயிரத்துக்கு கேபிள் வாங்கி ட்ரெபிள கொறைக்கலாம், ஆனா குமிழ திருப்புனா தப்புன்னா அது என்ன ஞாயம்.

இன்னொண்ணு, எல்லாப் பாட்டும் குத்துதா, சில பாட்டு மட்டுமான்னு பாரு. 80கள்ல வந்த சில சிடில ப்ரீ எம்ஃபசிஸ்னு மேல்ச் சத்தத்த வேணும்னே ஏத்தி பதிஞ்சிருப்பாவ, சிடி பிளேயர் அத தானா எறக்கிக்கிடும். அந்த சிடிய கம்ப்யூட்டர்ல காப்பி அடிச்சவன் எறக்காம விட்டுட்டான்னா உச்சில 10 டிபி கிட்ட தூக்கலாத்தான் கேக்கும். அப்புறம் ரீமாஸ்டர்னு போட்டு சத்தத்த இடிச்சு இடிச்சு ஏத்துனதுக எக்கச்சக்கம், அதுக்கு எந்த வீட்ல வச்சு கேட்டாலும் மண்ட வலிதான்.

பேட்டை_எல்பி:

கேபிள்ல ஒண்ணுமே இல்லன்னு அண்ணாச்சி சொல்லுதது உங்க செட்டுக்கு சரி. எல்பி பிளேயர் வச்சிருக்கவங்க இத படிச்சு ஏமாறக் கூடாதுன்னு ஒரு வார்த்த. எம்எம் கார்ட்ரிட்ஜ்னா, அதான் ஊசி இருக்க முனை, அதுக்குள்ள காயில், சுமாரா 500 மில்லி ஹென்றி இருக்கும், அதுவும் கேபிளோட கெப்பாசிட்டன்ஸும் சேந்து ஒரு அலைவரிசைல சத்தத்த தூக்கும். மொத்தம் 200 பிகோஃபாரட்னா 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம், கேபிள் நீளம் கூடி 400 ஆச்சுன்னா 11 பக்கம் எறங்கிரும், காதுக்கு நல்லாவே தெரியும். அங்க மட்டும் கேபிள் மாத்துனா டோன் மாறும். அதுவும் வெலையால இல்ல, நீளத்தாலயும் கெப்பாசிட்டன்ஸாலயும். நூறு ரூபா கேபிள் குட்டையா இருந்தா பத்தாயிரம் ரூபா நீளக் கேபிள ஜெயிச்சிரும். யூஎஸ்பி டிஏசிலருந்து வரதுக்கு இந்தத் தொல்லையே கெடையாது.

முடுக்கு_ஸ்டீரியோ:

எல்லாரும் கணக்கு போடுதிய, நான் கேட்டத கேட்டேன்னு சொல்லுதேன். அவ்ளோதான். கணக்குல வராதது காதுல வரும்.

மைக்செட்_அண்ணாச்சி:

வரட்டும் தம்பி, அதுக்கு ஒரு சோதன இருக்கு. நீரு கண்ண கட்டிக்கிட்டு உக்காரும், உம்ம மச்சான் கேபிள மாத்தி மாத்தி சொருவட்டும், சில தடவ மாத்தாமலே மாத்துன மாதிரி சத்தம் காட்டட்டும், எது எதுன்னு நீரு சொல்லும். சரியா சொன்னீருன்னா ஜங்ஷன்ல அல்வா நான் வாங்கித் தாரேன்.

பெருமாள்புரம் தம்பிக்கு மிச்ச ரெண்டும் சொல்லிருதேன். ஆப்ஆம்ப் மாத்துத சோலி வேண்டாம். உள்ள பெரும்பாலும் 5532 கெடக்கும், 1979ல வந்த ஐசி. நீரு கேக்குத பழைய பாட்ட பதிஞ்ச மிக்சர் மேசைக பலதுல அது வரிசையா குத்திருக்கும், பாட்டு அதுக்குள்ள பல தடவ போயிட்டுத்தான் உம்ம வீட்டுக்கே வருது, கடைசில ஒண்ண மாத்தி என்ன. வேகமான ஐசிய பொருந்தாத போர்டுல சொருவுனா ஆசிலேட் ஆகி (தானா அதிர்ந்து) சூடாவும், அப்பதான் நெசமாவே கரகரக்கும். கிராஸோவர் கெப்பாசிட்டர் கத அதவிட வேடிக்க. ட்வீட்டர் லைன்ல இருக்க பழைய பைபோலார் கெப்பாசிட்டர எடுத்துட்டு வெல கூடுன பிலிம் கெப்பாசிட்டர் போட்டா உள் ரெசிஸ்டன்ஸ் கொறஞ்சு ட்ரெபிள் கொஞ்சம் போல கூடத்தான் செய்யும். நீரு கேட்டதுக்கு நேர் மாறு. அத கடைக்காரர் சொல்லிருக்க மாட்டாரு.

காம்பொனென்ட் மாத்தித்தான் ஆவணும்னா, கர்ட்டன் ராக்வுல் எல்லாம் முடிச்ச பொறவும் குத்துச்சுன்னா, ட்வீட்டருக்கு ஒரு எல்பேட், அதான் சத்தத்த எறக்குத ரெண்டு ரெசிஸ்டர், போடலாம். ட்வீட்டர் 8 ஓம்னா, பிளஸ் வயர்ல வரிசையா 1.5 ஓம், ட்வீட்டர் ரெண்டு முனைக்கும் குறுக்க 33 ஓம். ட்வீட்டர் ரெண்டு டிபி கிட்ட எறங்கும், கிராஸோவருக்கு அதே 8 ஓம்தான் தெரியும், அதனால ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் சத்தம் பிரியுத வெட்டுப் புள்ளி நகராது. வெறும் ஒத்த ரெசிஸ்டர் போட்டாலும் எறங்கும், ஆனா புள்ளி கொஞ்சம் நகந்துரும். ரெண்டு ரெசிஸ்டரும் அம்பது ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்.

பெருமாள்புரத்தான்:

சார், கை தட்டிப் பாத்தேன். ட்ரிங்ங்னு அப்படி ஒரு வால், எம்மவன் கேட்டுட்டு அவனும் ஹால் பூரா தட்டிக்கிட்டு திரியுதான். பரண்லருந்து ரெண்டு மெத்தைய எறக்கி, கைக்கண்ணாடில ட்வீட்டர் தெரிஞ்ச எடத்துல ரெண்டு பக்கமும் சாச்சி வச்சு ஒரு கச்சேரி போட்டேன். உஸ்ஸு சத்தம் முழுசா போவல, ஆனா பல்லு கூசல, தவில் அடி இப்பதான் தனித்தனியா கேக்குது. சாந்திநகர் அக்கா சொன்ன மாதிரி ரெண்டு டிபி எறக்கிருக்கேன், அதுல மிச்ச பாதியும் போச்சு. ஆனா மெத்த நாளைக்கே பரணுக்கு போவணும்னு உத்தரவு, அதனால ராக்வுல் ஃபிரேம் அடிக்க ஆசாரிகிட்ட சொல்லிட்டேன், துணி கலர் மட்டும் அவதான் எடுப்பாளாம்.

ஒரு சந்தேகம். இப்ப ஸ்பீக்கர ரெண்டையும் நேரா சோபாவ பாக்க திருப்பி வச்சிருக்கேன், கொஞ்சம் வெளிய திருப்புனா ட்ரெபிள் கொறையும்னு ஒரு எடத்துல படிச்சேன், செய்யலாமா? அண்ணாச்சி, அந்த ரெசிஸ்டர் எத்தன வாட்டு வாங்க?

ஓய்வுபெற்ற_பிசிக்ஸ்:

வெளிய திருப்புனா நேரா வர மேல்ச் சத்தம் கொறையும், 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல நல்லாவே. ஆனா அந்தச் சத்தம் பக்கச் சுவருக்கு போயி அங்கருந்து வரும். சுவர்ல ஃபிரேம் மாட்டுன பொறவு திருப்புங்க, இப்ப வேண்டாம். அதுவரை சோபாவ ஒரு அடி கிட்ட கொண்டு வாங்க, கிட்ட உக்காந்தா நேர்ச் சத்தம் கூடி ரூம் சத்தம் கொறையும்.

மைக்செட்_அண்ணாச்சி:

10 வாட்டு சிமெண்ட் ரெசிஸ்டர் வாங்கும், வெள்ளையா செங்கல் கணக்கா இருக்கும். சூடாகும், அதனால உள்ள இருக்க பஞ்சுல ஒட்டாம போர்டுல தூக்கி வச்சு கட்டும். ஆனா பெட்டிய தெறக்க முன்னாடி வாரண்டி இருக்கான்னு பாரும், இருந்தா தொடாதேயும், அக்கா சொன்ன ஈக்வலைசரே போதும். வாரண்டி முடிஞ்சிருந்தா ஸ்பீக்கர தூக்கிக்கிட்டு எங்கடைக்கு வாரும், நானே பத்த வச்சுத் தாரேன். இந்த மாசம் வராதேயும், ஊரு பூரா கொடை, குழாய் ஸ்பீக்கர் கட்டவே ஆள் பத்தல.